கூச்சம் வேண்டாம், தாய்மார்களே!

நம் விருதுநகர், சிவகாசி வெயிலில் பையன் ஒன்றுக்குப் போகும்போது முகம் சுளித்தால், "உடம்புச் சூடு" என்று இளநீரோடு விட்டுவிடுகிறோம். அது தீராவிட்டால் முன்தோலைக் கவனியுங்கள்.

சின்னக் குழந்தைக்கு அது பின்னால் நகராதது இயல்பே; பலவந்தமாக இழுக்காதீர்கள். நுனி வெளுத்து, தழும்புபோல் இறுகியிருந்தால் 'லைக்கன் ஸ்கிளிரோசஸ்' என்ற நாட்பட்ட தோல் நோயாக இருக்கலாம். பெரியவர்களுக்கும் வருவதுண்டு. தொற்றாது; யார் குற்றமும் அல்ல. ஆனால், அலட்சியம் செய்தால் சிறுநீர்த் துவாரமே சுருங்கிவிடக்கூடும்.

ஸ்டீராய்டு களிம்பா, முன்தோலை நீக்கும் ஆபரேஷனா என்பதை டாக்டர் முடிவு செய்வார். பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. 2022-இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. பையன் வெட்கப்படலாம், அம்மா வெட்கப்படலாமா?