தாய் செய்த குற்றமா?

தளவாய்புரத்துத் தெருக்களிலே நடந்தவர்களுக்குத் தெரியும். அங்கே பொழுது விடிவது சேவல் கூவியல்ல, தையல் எந்திரம் ஓடித்தான்! வீட்டுக்கு வீடு எந்திரம். வெட்டிய துணி திண்ணையிலே, தைத்த துணி கூடத்திலே, தைப்பவள் நடுவிலே. ஊரார் உடுத்த நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். தன் சேலைக் கிழிசலைத் தைக்க அவளுக்கு நேரமில்லை.

அந்த ஊரிலே கூட்டம் முடிந்து, தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்தோம். தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். இராசபாளையத்து நூற்பாலையிலே இரவு வேலை பார்ப்பவர். கேட்டார்:

"அண்ணே, எங்க தெருவுல நாலு வயசுப் புள்ளைக்கு ரத்தப் புத்துன்னு சொல்லிட்டாங்க. பெத்தவளத்தான் எல்லாரும் ஏசுறாங்க. மாசமா இருக்கையில கிரகணத்துல வெளிய போனாளாம். புள்ளைக்குப் பால் குடுக்காம மிசின்ல போயி உக்காந்தாளாம். அவ செஞ்ச பாவமாம். நெசமாண்ணே?"

கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. பெற்ற பிள்ளை படுக்கையிலே. பெற்றவளோ குற்றவாளிக் கூண்டிலே! நீதிபதி யார்? தெரு! சட்டப் புத்தகம் எது? பஞ்சாங்கம்!

அந்தத் தோழருக்கு அன்று நாம் சொன்னதை, அனைவரும் அறிய இங்கே எழுதுகிறோம்.

கிரகணம் என்பது நிழல். நிலவின் நிழல் நிலத்திலே விழுகிறது. அல்லது நிலத்தின் நிழல் நிலவிலே விழுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் குருதியைத் தொட அந்த நிழலுக்குக் கையுமில்லை, காலுமில்லை. அந்தக் கதையை அத்துடன் விடுவோம்.

அப்படியானால் அந்தப் பாழும் நோய் ஏன் வருகிறது? விஞ்ஞானம் விடை தேடியிருக்கிறது, தோழர்களே! முழு விடை இன்னும் கிட்டவில்லை. ஆனால் முக்கால் இருள் விலகியிருக்கிறது.

நம் எலும்புகளுக்குள்ளே இருக்கும் மச்சைதான் இரத்தம் உண்டாகும் பட்டறை. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. அவற்றிலே ஒன்று, வளர்ச்சி முடியாத நிலையிலேயே, அடங்காமல் பெருகத் தொடங்கினால், பட்டறை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்கிறது. நல்ல இரத்தத்துக்கு இடமில்லை. அதுவே இரத்தப் புற்று. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களிலே இதுவே அதிகம். அதிலும் இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத்தான் பெரிதும் தாக்குகிறது.

இலண்டனிலே மெல் கிரீவ்ஸ் என்ற விஞ்ஞானி முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இதை ஆராய்ந்து, 2018 இல் தமது முடிவைத் தொகுத்து வெளியிட்டார். குழந்தைகளைத் தாக்கும் பெருவாரியான வகைக்கு இரண்டு அடி விழவேண்டும் என்கிறார் அவர். முதல் அடி கருவறையிலே. அணுக்கள் பெருகும்போது மரபுச் சரடு தற்செயலாக அறுந்து, தவறாக ஒட்டிக்கொள்கிறது. நூற்பாலைத் தோழருக்கு இதை விளக்கவா வேண்டும்? அறுந்த இழையை அவசரத்திலே தவறாக முடிந்துவிட்டதைப் போல!

இப்படியொரு மாற்றத்தோடு பல குழந்தைகள் பிறக்கின்றன. அவற்றிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, நோயே இல்லாமல் வளர்ந்துவிடுகின்றன. ஒன்றுக்கு மட்டுமே நோய் வருகிறது. பிறந்த சில நாளிலே குதிகாலில் குத்தி அட்டையிலே எடுத்து வைத்திருந்த இரத்தத் துளியை, நோய் வந்தபின் எடுத்துச் சோதித்தார்கள். அந்த மாற்றம் அன்றே அங்கே இருந்தது!

இந்த முதல் அடிக்குத் தாய் என்ன செய்வாள்? எந்த விரதம் தடுக்கும்? எந்தக் கயிறு காக்கும்? தற்செயலாக நேர்ந்ததைத் தாயின் பாவம் என்பது கொடுமையிலும் கொடுமை!

இரண்டாவது அடி, பிறந்த பிறகு விழுகிறது. முதல் ஆண்டிலே சாதாரணக் கிருமிகளோடு பழகும் குழந்தையின் உடல், எதிர்த்து நிற்கவும் அளவோடு அடங்கவும் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத குழந்தைக்குப் பின்னாளிலே காய்ச்சல் ஏதேனும் வந்தால், உடல் நிதானமிழந்து பொங்குகிறது. அந்தக் கொந்தளிப்பிலே இரண்டாவது மாற்றம் நேர்கிறது. இது கிரீவ்ஸ் தரும் விளக்கம். முதல் ஆண்டிலேயே குழந்தைகள் காப்பகத்திலே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்திருந்த குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது என்று பிரிட்டனிலும் கலிபோர்னியாவிலும் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. கவனியுங்கள்! இது ஒட்டுவாரொட்டி அல்ல. நோயுற்ற பிள்ளையோடு உங்கள் பிள்ளை விளையாடலாம், ஒன்றும் ஆகாது.

சரி, தாய்ப்பால்? அதையும் மறைக்காமல் சொல்கிறோம். 18 ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு, இந்த நோய் வரும் வாய்ப்பு 19 விழுக்காடு குறைவாக இருந்தது.

உடனே, "பார்த்தீர்களா! அவள் பால் கொடுக்கவில்லை, அதனால்தான்!" என்று கை நீட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்து எண்ணும்போது தெரியும் வேறுபாடு அது. பால் குடித்த பிள்ளைக்கும் நோய் வந்திருக்கிறது. குடிக்காத பிள்ளைகளிலே மிகப் பெரும்பாலோர் நலமாக இருக்கிறார்கள். ஒரு தாயை நிறுத்தி, "உன்னால்தான்" என்று கூற உலகத்து டாக்டர் எவராலும் இயலாது. டாக்டரால் ஆகாததைத் தெரு செய்யலாமா?

கேட்கவேண்டிய கேள்வி வேறு. அவள் ஏன் எந்திரத்தில் போய் உட்கார்ந்தாள்? ஆசையா? ஆடம்பரமா? துண்டுக்குக் கூலி! தைத்தால் காசு, தைக்காவிட்டால் பட்டினி! தொட்டிலிலே குழந்தை அழுகிறது. எதிரிலே முடிக்காத துணி கிடக்கிறது. எழுந்தால் கூலி போகும். எழாவிட்டால் மனம் வேகும். இதிலே குற்றவாளி தாயா? அவளை அந்த இருக்கையிலே கட்டிப்போட்ட கூலிமுறையா?

மகப்பேற்று விடுப்பு 12 வாரமாக இருந்தது, 2017 இல் 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அப்போதே சட்டமாயிற்று. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் தன் வீட்டுத் திண்ணையிலே தைப்பவளுக்கு முதலாளி யார்? வருகைப் பதிவேடு எங்கே? அவளுக்கு அந்த 26 வாரத்திலே ஒரு வாரமாவது உண்டா?

ஆண்களே, இனி உங்கள் பக்கம் திரும்புவோம். தாயை ஏசும் வாயிலே புகைவது என்ன? குழந்தை கருவாகும் காலத்திலே தகப்பன் புகைப்பதும் இந்த நோய்க்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கருவுற்றவள் இருக்கும் வீட்டிலே பூச்சிமருந்து அடிப்பதும் அவ்வாறே. இவற்றை நிறுத்தப் பரிகாரம் வேண்டாம், பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

இன்னொன்று. 1956 இல் இங்கிலாந்திலே ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம் கேட்டறியச் செய்தார். ஏசுவதற்கல்ல, அறிவதற்கு! கருவுற்றிருந்தபோது வயிற்றிலே எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ இருமடங்காக இருப்பதைக் கண்டார். மருத்துவ உலகம் நெடுநாள் நம்ப மறுத்தது. பின்னர் ஏற்றது, வழக்கத்தை மாற்றிக்கொண்டது. தாயைக் கேட்டதால் கிடைத்த உண்மை அது. எக்ஸ்ரே எடுக்குமுன் "கருவுற்றிருக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். இப்போது எடுக்கும் ஸ்கேன் ஒலியலை. அது எக்ஸ்ரே அல்ல, அஞ்சவேண்டாம்.

நோய் வந்துவிட்டால்? வந்தது முடிவல்ல! 1947 வரை இந்த நோய்க்கு மருந்தே இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்து அமெரிக்கா சென்ற சுப்பாராவ் என்பாரின் ஆய்வுக்கூடத்திலே உருவான மருந்தைத்தான், பாஸ்டன் நகரிலே டாக்டர் ஃபார்பர் பிள்ளைகளுக்குக் கொடுத்து, நோய் பின்வாங்குவதைக் கண்டார். 1948 இல் உலகுக்கு அறிவித்தார். அந்த வழியிலே வந்த மெதோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. செல்வ நாடுகளிலே இன்று பத்துப் பிள்ளைகளிலே ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். நம் அடையாற்றிலும் டாக்டர் சாந்தாவும் அவர் தோழர்களும், பம்பாய், தில்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து 1984 முதல் ஒரே முறையிலே மருத்துவம் செய்து, ஐந்திலே ஒன்று பிழைப்பதே அரிது என்றிருந்த நிலையை, ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கும் நிலைக்கு உயர்த்தினர்.

அந்த அடையாறு மருத்துவமனை எப்படி வந்தது? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விதியென்று விம்மிக்கொண்டு வீட்டிலே இருந்துவிடவில்லை. 1954 இல் 12 படுக்கைகளோடு தொடங்கி வைத்தார். ஏழைத் தாய்க்குத் தமிழக அரசு அளிக்கும் மகப்பேறு நிதியுதவியும் அவர் பெயரிலேதான் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு உதவியும், பிள்ளைக்குப் புற்று வந்தால் மருத்துவமும், இரண்டிலும் அவர் பெயர் நினைவுக்கு வருகிறது!

ஆகவே தோழர்களே, நாம் செய்யவேண்டியவை இவை. விடாத காய்ச்சல், வெளுத்த முகம், காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்பு, எலும்பு வலி, ஈறிலே இரத்தம், கழுத்திலே கட்டி. இவற்றைக் கண்டால் மந்திரிக்க ஓடாதீர், இரத்தச் சோதனைக்கு ஓடுங்கள். அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மருத்துவம் இரண்டு மூன்று ஆண்டு நீளும். பிள்ளை எழுந்து ஓடுகிறதே என்று பாதியிலே நிறுத்தினால் நோய் திரும்பி வரும். பேருந்துக் கட்டணம் இல்லாமல் ஒரு தகப்பன் மருத்துவத்தை நிறுத்தினால், அது அந்தக் கிளைக்கே தலைகுனிவு!

தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. நம் தெருவிலே தைக்கும் பெண்கள் எத்தனை பேர் அதிலே பதிந்திருக்கிறார்கள்? இந்த வாரமே கணக்கெடுங்கள். தையல் தெருவுக்கொரு குழந்தைகள் காப்பகம் கேளுங்கள். தாய் இடையிடையே எழுந்து போய்ப் பால் கொடுக்கும் தொலைவிலே! பிள்ளைகள் ஒன்றாய்ப் புரண்டு விளையாடும் இடமாக!

"அந்தப் பொண்ணுகிட்டப் போயி என்னண்ணே சொல்ல?" என்று விடைபெறும்போது கேட்டார் தோழர்.

"நீ செய்த குற்றம் எதுவும் இல்லையம்மா என்று முதலிலே சொல்லுங்கள். அப்புறம், மதுரைக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் நாளிலே அவள் துணியை யார் தைத்துக் கொடுப்பது என்று தெருவைக் கூட்டிக் கேளுங்கள்" என்றோம்.

மறுநாள் பொழுது புலரும் முன்னரே அவர் வீட்டுப் பெண்கள் அங்கே போய்விட்டனர் என்று செய்தி வந்தது. ஏசிய தெருவிலேயே, அவளுக்காக எந்திரம் ஓடுகிறது!