உங்க வண்டி நம்பர் என்ன?

போன வாரம் வகுப்பில் பொழுது போகாமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். "டேய், உன் வண்டி டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்?"

வண்டி எத்தனை சிசி, எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது, அடுத்த மாடல் எப்போ வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பசங்க. இதற்கு மட்டும் ஒருத்தன் "முப்பது முப்பது" என்றான். இன்னொருத்தன் "காத்து அடிக்கிறவருக்குத் தெரியும்டா" என்றான். அவருக்கு உன் வண்டியை இதற்கு முன் பார்த்தே பழக்கமில்லையே அப்பு! சரியாகச் சொன்னது ஒரே ஒருத்தன். அவன் அப்பா லாரி ஓட்டுகிறார்.

சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை. மூன்று மாதம் முன்னால் வரை எனக்கும் தெரியாது. எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். லால்குடியிலிருந்து அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பாவோட பழைய 100 சிசி வண்டி, டியூப் டயர். கிளம்பும்போது நம்ம ஊர் வழக்கப்படி பின் டயரைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். கல்லு மாதிரிதான் இருந்தது. (எல்லா டயரும் காலுக்குக் கல்லு மாதிரிதான் இருக்கும்.) வாளாடி தாண்டியதும் வண்டி பின்பக்கம் மட்டும் தனியாக ஆட ஆரம்பித்தது. பாம்பு நெளிகிற மாதிரி. பயத்தில் பின் பிரேக்கை அழுத்தினேன். அவ்வளவுதான். வேகம் நாற்பதுகூட இருக்காது. எனக்கு முழங்கை சிராய்ப்பு. அம்மா கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

பங்க்சர் கடைக்காரர் டியூபை உருவிப் பார்த்தார். ஆணி இல்லை, முள் இல்லை. வால்வு அடிப்பக்கம் கிழிந்திருந்தது. டயருக்குள் கையை விட்டு வெளியே எடுத்தார், விரல் எல்லாம் கறுப்பாகப் பொடி. "ரொம்ப நாளா காத்து கம்மியா ஓட்டிருக்கீங்க தம்பி" என்றார். நான் நம்பவில்லை. முன் டயரை அளந்து காட்டினார். 16. அதில் இருக்க வேண்டியது 25.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. வண்டி எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கிற காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுமே, அதே கதை. சூடு ஏறும், உள்ளே உரசும், அந்தக் கறுப்புப் பொடி அதுதான். இன்னொன்று, காற்று குறைந்த டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. பிரேக் அடிக்கும்போதும் முறுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், டியூபையும் சேர்த்து இழுக்கும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். ஒருநாள் அங்கேயே கிழியும். உங்க வண்டியில் வால்வு நேராக இல்லாமல் சாய்ந்து நின்றால் இன்றைக்கே பாருங்க. என் வண்டியில் பல வாரமாகச் சாய்ந்துதான் இருந்தது, நான் அதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருக்கிறேன்.

டியூப்லெஸ் டயர் வைத்திருக்கிறவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஆணி குத்தினால் மெதுவாக இறங்கும் என்பது அதன் நல்ல குணம். மெதுவாக இறங்குவதால் நமக்குத் தெரியாது என்பது அதன் கெட்ட குணம்.

சரி, எவ்வளவு அடிப்பது? செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் கையிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சேறு அப்பியிருக்கும், துடைத்துப் படிக்கவும். என் வண்டியில் முன்னால் 25, பின்னால் 28, பின்னால் ஆள் ஏறினால் 32. எல்லாம் பிஎஸ்ஐ கணக்கு, ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. உங்களுக்கு வேறாக இருக்கலாம். அன்றைக்கு அம்மாவை ஏற்றினபோது பின்னால் 32 இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு கதை ஊர் முழுக்க ஓடுகிறது. "வெயில் காலம், கொஞ்சம் கம்மியாவே அடிங்க, வெடிச்சிரும்." தலைகீழ் சார். ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறும் என்பது உண்மை. ஸ்டிக்கரில் உள்ள எண் வண்டி குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டியது, அந்த ஏற்றத்தையும் சேர்த்தே போட்ட கணக்கு. வெயிலுக்குப் பயந்து குறைத்தால் டயர் அதிகமாக மடிந்து அதிகமாகச் சூடாகும். அதற்காக 40 அடிக்கவும் கூடாது, நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும், மழையில் வழுக்கும். நைட்ரஜன் பற்றிக் கேட்பீர்கள். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பந்தயத்துக்குப் போகிறவர்கள் காசு கொடுக்கட்டும்.

நான் பி.காம். என்பதால் ஒரு கணக்கு வழக்கு. தேய்மானம் என்று ஒரு செலவு உண்டு, கையிலிருந்து காசு போகாது, அதனால் யாருக்கும் வலிக்காது. காற்று இறங்குவதும் அப்படித்தான். வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்தால்கூட ரப்பர் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் 1 ரூபாய் ஏறினால் ஊரே கத்துகிறோம். காற்று குறைந்து, இழுவை கூடி, அதே பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பங்க்காரர்களையும் விடுவதாக இல்லை. காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே போட்ட விதி. நான் போகிற இடத்தில் பாதி நாள் "மிஷின் ரிப்பேர் தம்பி", மீதி நாள் ஆள் இல்லை. வருமானம் வராத சேவை என்பதால் அங்கேதான் முதலில் கை வைக்கிறார்கள். ஆனால் நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? பெட்ரோல் போடாமல் காற்று மட்டும் அடிக்கக் கூச்சப்பட்டு எத்தனை நாள் நானே திரும்பி வந்திருக்கிறேன். ஹெல்மெட்டுக்கு மறித்துப் பிடிக்கிற மாதிரி காற்றுக்கு யாரும் பிடிக்கப் போவதில்லை. நாமே பார்த்தால்தான் உண்டு. சில நூறு ரூபாய்க்கு அளக்கிற கேஜ் கிடைக்கிறது, ஒரு சினிமாவும் பரோட்டாவும் போகிற காசு. நான் வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. கட்டுப் போட்ட கையோடு அம்மா வந்து பார்த்தவர்கள் எல்லோரிடமும் "ரோடு சரியில்ல, புள்ள என்ன செய்வான்" என்றே சொன்னார். அந்த ரோடு நல்லாத்தான் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுக்கும் முன், கேஜை வைத்துப் பார்க்கிறேன். அம்மா காபி டம்ளரோடு வாசலில் நின்று "எவ்ளோடா?" என்று கேட்பார். இன்றைக்குப் பின்னால் 26. பம்பை எடுத்தேன்.