வடக்கு எந்தப் பக்கம் மக்களே?

ப்ளஸ் டூ பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? டேன்ஜன்ட் கால்வனோமீட்டர் பக்கத்துல போறதுக்கு முன்னாடியே, "சாவியை எடு, மொபைலைத் தள்ளி வை"னு லேப் சார் விரட்டுவாரே... அது சும்மா பந்தா இல்லீங்க. பூமி எவ்ளோ பெரிய உருண்டை! ஆனா, சென்னைப் பக்கம் அதோட காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லாதான். ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற பொம்மைக் காந்தம்கூட, கிட்டத்துல அதைவிடப் பல மடங்கு பலசாலி.

காம்பஸ் முள்ளுக்குப் பூமி எது, பொம்மை எதுனு தெரியாது. ரெண்டு இழுவையும் சேர்ந்து எந்தத் திசையோ, அங்கே நிக்கும். ஒரு குட்டிக் கணக்கு: வடக்கு தெற்கா போற ஒயர்ல 2 ஆம்பியர் டி.சி. கரன்ட். 1 செ.மீ. மேலே காம்பஸ். ஒயரோட காந்தப்புலமும் அதே 40! முள் கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்ஞ்சுடும். 1820-ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் கவனிச்சது இந்த ஆட்டத்தைத்தான்.

கப்பல்காரங்க பாடு இன்னும் பேஜார். 1801-03ல் ஆஸ்திரேலியக் கரையை அளந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ், கப்பல் திரும்பும்போதெல்லாம் காம்பஸ் பிழையும் மாறுறதைப் பார்த்தார். குற்றவாளி, கப்பல்ல இருந்த இரும்பு. அவர் பேர்ல இன்னிக்கும் 'ஃபிளிண்டர்ஸ் பார்'னு ஒரு இரும்புத் தண்டைக் காம்பஸ் பக்கத்துல வெக்கிறாங்க. முள்ளை முள்ளால எடுக்கறதுன்னா இதான்!

ட்ரெக்கிங் கோஷ்டிக்கு: காம்பஸையும் மொபைலையும் ஒரே பையில போடாதீங்க. ஸ்பீக்கர்ல காந்தம், சில கவர்ல காந்தம். ரொம்ப நேரம் ஒட்டியே கிடந்தா முள்ளோட துருவமே தலைகீழாயிடலாம். அப்புறம் மொபைலைத் தள்ளி வெச்சாலும் சிவப்பு முனை தெற்கைத்தான் காட்டும். பனிமூட்டத்துல அதை நம்பினா அவ்ளோதான். வெறும் 10 டிகிரி பிழைக்கே, 1 கி.மீ. நடந்தா சுமார் 175 மீட்டர் விலகிடுவீங்க. கிளம்பும்போதே காலைச் சூரியனை வெச்சு ஒருதரம் செக் பண்ணிடுங்க.

மொபைல் காம்பஸ் தப்பா காட்டினா, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி காத்துல 8 போடச் சொல்லுதே, ஏன்? மொபைலுக்குள்ள இருக்கிற காந்தம் மொபைலோடவே திரும்பும், பூமியோடது திரும்பாது. அந்த வித்தியாசத்தை வெச்சு சாஃப்ட்வேர் சொந்தக் காந்தத்தைக் கழிச்சுடும். ஆனா, பைக் டேங்க்கைக் கழிக்க அதுக்குத் தெரியாது. இறங்கி நாலடி தள்ளி நின்னு 8 போடுங்க பாஸ்!