பாவைப்பிள்ளையும் பெடியனும்



சென்ற மாதம் மகனைக் கூட்டிவரப் பாலர் பாடசாலைக்குப் போனோம். அவன் ஒரு பாவைப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தான். கூட வந்த நண்பர், "பெடியனைக் கவனியுங்கோ, பிறகு ஒருமாதிரிப் போயிடுவான்" என்றார். வெட்கத்தில் பாவையைப் பறித்துவிட்டோம். வீடு வரும்வரை பிள்ளை அழுதான்.

நண்பர் 'ஒருமாதிரி' என்றது திருநங்கைகளை. அவர்கள் எல்லோரும் சின்னனில் பாவையோடு விளையாடியவர்கள் என்பது எங்கள் சனத்தின் நினைப்பு. அவர்களுக்குள்ளும் இந்த நினைப்பு உண்டு. "நான் பந்தடித்தேன், மரம் ஏறினேன்" என்று ஒரு திருநங்கை சொன்னால், "அப்ப நீ உண்மையானவளா?" என்று அவர்களில் சிலரே கேட்பதுண்டு.

தமிழ்நாட்டு ரேவதி தன் வாழ்க்கையை எழுதியபோது, சிறுவயதில் பெண்பிள்ளைகளோடு விளையாடியதைச் சொன்னார். அது அவருடைய உண்மை. ஆனால் இங்கே வைலே நகரில் 1882இல் பிறந்த ஓவியர் லிலி எல்பவைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை, அவர் கலியாணம் முடித்த பின்தான் தொடங்குகிறது. படம் வரைய நிற்கவேண்டிய பெண் வராத ஒருநாள், ஓவியரான மனைவி கெர்டா கேட்டதற்காக அவர் பெண்ணுடையில் நின்றார்.

பிறகேன் எல்லோருக்கும் ஒரே பிள்ளைப்பருவம்? அமெரிக்க மருத்துவர் ஹரி பெஞ்சமின் 1966இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். சிகிச்சை கேட்டு வந்தவர்களில் பலர் அதைப் படித்து, அதில் உள்ளபடியே தங்கள் கதையையும் சொன்னார்கள். சொல்லாவிட்டால் மருத்துவர் நம்பமாட்டார் என்ற பயம்.

எங்களுக்கு இது விளங்காதா? அகதி விசாரணைக்கு முதல்நாள், எதைச் சொன்னால் நம்புவார்கள் என்று முகாமில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோமே. எங்கள் துன்பம் பொய்யல்ல. முத்திரை குத்துபவருக்கு ஏற்றபடி அதைச் சொல்லவேண்டியிருந்தது. அவர்களுக்கும் அதுதான் நடந்தது.

டென்மார்க்கில் முன்பு சத்திரசிகிச்சை செய்யாமல் பதிவில் பாலை மாற்ற முடியாது. 2014 செப்டெம்பர் 1 முதல் அந்த நிபந்தனை இல்லை. பதினெட்டு வயது நிரம்பியவர் தானே விண்ணப்பித்து, ஆறுமாதம் யோசித்து உறுதிசெய்தால் போதும் என்று சட்டம் வந்தது. பாவையோடு விளையாடினீரா என்ற கேள்வி அதில் இல்லை.

பெற்றோரே, பாவை தூக்கும் பெடியன் நாளைக்கு நல்ல தகப்பனாகவும் வரலாம். பந்தடித்த பிள்ளை ஒருநாள் வந்து "அம்மா, நான் பெண்" என்றும் சொல்லலாம். அப்போது "சின்னனில் நீ அப்படி இல்லையே" என்று வாயை அடைக்கவேண்டாம்.

மறுநாள் நாங்களே போய்ப் பாவையை எடுத்து மகன் கையில் கொடுத்தோம். வாங்கினான், ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.