மேலே இருக்கும் புள்ளியும் எழுத்துதான்



நம் வீடுகளில் இப்போது பிரெஞ்சும் ஜெர்மனும் சகஜமாகிவிட்டன. மார்க் கிடைக்கும் என்று ஸ்கூலில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். நர்ஸ் வேலைக்கோ மேல்படிப்புக்கோ ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் கற்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம்.

நோட்டில் ஒழுங்காக எழுதும் இவர்களில் பலர், டைப் செய்யும்போது மட்டும் எழுத்துக்கு மேலே வரும் கோட்டையும் புள்ளியையும் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், ‘அதெல்லாம் புரிஞ்சுடும்’ என்கிறார்கள்.

புரியுமா? ஜெர்மனில் ‘ஏற்கெனவே’, ‘அழகான’ என்ற இரண்டு சொற்களுக்கும் எழுத்தில் உள்ள ஒரே வித்தியாசம், நடுவில் வரும் ‘ஓ’வின் மேலே இருக்கும் இரண்டு புள்ளிகள். பிரெஞ்சில் ‘அல்லது’ என்பதையும் ‘எங்கே’ என்பதையும் பிரிப்பது ஒரே ஒரு சாய்கோடு.

நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘கல்’லில் புள்ளியை எடுத்தால் ‘கல’ ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. அவற்றைப் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். பெயர் தெரிந்தால்தானே டீச்சரிடம் கேட்கவோ நெட்டில் தேடவோ முடியும்? பிரெஞ்சில் வலப்பக்கம் ஏறும் சாய்கோடு ‘எகு’. வலப்பக்கம் இறங்குவது ‘கிராவ்’. இரண்டும் உச்சியில் சேர்ந்தால் ‘சிர்கோன்ஃப்ளெக்ஸ்’. ஜெர்மனில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து ‘உம்லாவுட்’. பிரெஞ்சில் அதே இரண்டு புள்ளிக்குப் பெயர் ‘ட்ரேமா’. பக்கத்து உயிரோடு சேர்க்காமல் தனியாக உச்சரிக்கச் சொல்லும் குறி அது.

டைப் செய்வது கஷ்டமா? போனில் எழுத்தை அழுத்திப் பிடியுங்கள். அதன் மற்ற வடிவங்கள் வரிசையாக வரும். வேண்டியதன் மேல் விரலை நகர்த்தி விட்டால் போதும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு, நம்பர் பேடில் 0233 அடித்தால் எகு வைத்த ‘ஈ’ வரும். 0252 அடித்தால் உம்லாவுட் ‘யு’, 0246 அடித்தால் உம்லாவுட் ‘ஓ’. தினமும் எழுதுபவர்கள், செட்டிங்ஸில் அந்தந்த மொழிக்கான கீபோர்டையே சேர்த்துக்கொள்வது நல்லது.

எதுவுமே கைகொடுக்காத இடத்துக்கு ஜெர்மானியர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புள்ளிகளுக்குப் பதிலாக, அந்த எழுத்துக்குப் பின்னால் ஆங்கில ‘ஈ’ ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். புள்ளியை அப்படியே விழுங்கிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வேலைக்கு அப்ளை செய்யும் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். படிக்கப்போகும் அதிகாரியின் பெயரே முதல் வரியில் தப்பாக இருந்தால், நம் பிள்ளையைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? நம் பெயரை யாராவது தப்பாக எழுதினால் நமக்குச் சுருக்கென்கிறது. அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபீஸ் கட்டி மொழி வகுப்புக்கு அனுப்புகிறோம். இந்த வாரமே பிள்ளையோடு உட்கார்ந்து, போனிலும் லேப்டாப்பிலும் அந்த மொழியின் கீபோர்டைச் சேர்த்துக் கொடுங்கள். வீட்டுப்பாடமோ வாட்ஸ்அப் மெசேஜோ, எதை எழுதினாலும் குறிகளோடு எழுதச் சொல்லுங்கள். கற்கும் மொழியை முழுசாக எழுதுவதுதான் அந்த மொழிக்குத் தரும் மரியாதை.

அன்புடன்,
ஆசிரியர்