ஏட்டைக் காத்த அறிவை எவர் காப்பார்?

ஈரோட்டினின்று காங்கேயம் செல்லும் சாலையில் அறச்சலூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்க் குன்றிலே, ஆடற்கும் இசைக்கும் உரிய அசைகளைத் தமிழி எழுத்தில் வெட்டி வைத்துள்ளனர் பண்டைத் தமிழர். அக்கல்வெட்டைப் புலவர் செ. இராசு கண்டறிந்து உலகுக்குக் காட்டினார். காப்பார் எவருமின்றியும் நூற்றாண்டு பலவற்றைக் கடந்து நின்றது அக்கல்.

ஆயின் தமிழன் தன் அறிவுச் செல்வத்திற் பெரும்பகுதியைக் கல்லில் வைத்தானல்லன்; பனையோலையில் வைத்தான். கல் தானே நிற்கும். ஓலை தானே நில்லாது. அதற்குக் கை வேண்டும். கைக்கு அறிவு வேண்டும். அவ்வறிவே இன்று செத்துக்கொண்டிருக்கிறது!

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லாரைப் புரந்தவன் பொப்பண்ண காங்கேயர்கோன். உரையாசிரியரின் ஊராகிய நிரம்பை கொங்கு நாட்டது என்று கொங்குமண்டல சதகம் பெருமையோடு கூறும். அவ்வுரையை உ. வே. சாமிநாதர் 1892இல் அச்சேற்றினார். தமக்குத் துணைநின்ற இசைநூல்களுள் ஒன்றாக அறிவனாரின் பஞ்சமரபை அடியார்க்குநல்லார் அவ்வுரையிலே குறித்துள்ளார். அந்நூல் மறைந்தே போயிற்று என்றே அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். மறையவில்லை! ஓலைச்சுவடியில் உயிரோடிருந்த அது, கொங்கு நாட்டு வித்துவான் வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1973இல் அச்சேறியது. ஏடு காத்த பெயரறியாக் கைகள் அன்றோ அதனை நமக்கு அளித்தன! மறுபக்கத்தையும் எண்ணுக. இசை ததும்பும் கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைத்திலது. காக்கப்பட்ட ஏடு ஈந்தது ஒரு நூல். காக்கப்படாத ஏட்டோடு மாண்டது ஓர் உரை. இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அக்கைகள் என் செய்தன? முற்றலும் குருத்தும் அல்லாத ஓலையைத் தேர்ந்தன. நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்தன. எழுத்தாணியாற் கீறிய பின்னர், கோவையிலை, ஊமத்தையிலை முதலியவற்றின் சாற்றொடு கரி சேர்த்துத் தடவின. கரி எழுத்தை விளக்கிற்று; சாறு ஓலைக்குக் காப்பாயிற்று. மஞ்சள் பூசின. பூச்சி அணுகாவண்ணம் வசம்பும் வேப்பிலையும் இட்டன. ஏட்டுக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, அளவறிந்து கட்டி, துணியிற் பொதிந்து, அடுப்புப் புகை சென்று படியும் பரணில் ஏற்றின. ஏடு நொறுங்கத் தொடங்கியதும் புதிய ஓலையிற் படியெடுத்தன. படியெடுத்தலே காப்புகளுள் தலையாய காப்பு. அஃதின்றேல் சங்கநூல் ஒன்றேனும் எஞ்சியிராது.

இத்தொழில் சாகுங்கால் தொழில் மட்டும் சாவதில்லை; சொல்லும் உடன் சாகிறது. மையாடல் என்றால் என்ன? சுவடிக் கயிற்றின் நுனியிற் கோக்கும் கிளிமூக்கு என்றால் என்ன? இன்றைத் தமிழாசிரியருள் எத்துணைப் பேர் விடையிறுப்பர்? பிறமொழிச் சொல் நுழைவதால் மட்டுமே தமிழ் தேய்கிறது என்று கருதுவார், இத்தேய்வையும் எண்ணிப் பார்ப்பாராக. செயல் போன இடத்தில் சொல் நில்லாது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைப் பகைவர் எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய சுவடிகளும் நீறாயின. அக்கொடுமையை நினைத்து இன்றும் நெஞ்சு கொதிக்கின்றது தமிழினம். கொதிக்கட்டும்! ஆனால் பதினெட்டாம் பெருக்கன்று ஏட்டைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டவன் பகைவனா? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டதைச் சாமிநாதர் தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளாரே, இட்டவர் அயலவரா? ஆண்டுக்கொரு நாள் ஏட்டுக்குப் பொட்டிட்டுப் பூசை செய்து, எஞ்சிய நாளெல்லாம் கறையானுக்கு விருந்து வைப்பதும் எரிப்பதன் இளவலே ஆகும்.

"நிழற்படம் எடுத்தாயிற்று, கணினியில் ஏற்றியாயிற்று, இனி ஓலை எதற்கு?" என்பார் சிலர். படம் எடுத்தல் நற்பணியே, அதனைப் பழிப்பாரில்லை. ஆயினும் படம் எழுத்தைக் காட்டும். ஓலையின் பதத்தைக் காட்டுமோ? பூசிய சாற்றைச் சொல்லுமோ? ஐயம் எழும்போது மீண்டும் நோக்குதற்கு மூலம் வேண்டாவோ? இன்னுஞ் சிலர், புட்டியில் அடைத்து வரும் வேதிப்பொருளே அறிவியல், பாட்டி சொன்ன வசம்பு மூடநம்பிக்கை என்பர். அங்ஙனமாயின், சுவடி நூலகங்கள் இன்றும் எலுமிச்சைப்புல் எண்ணெயை ஓலையிற் பூசுவது ஏன்? அவ்வெண்ணெய் ஓலைக்கு நெகிழ்ச்சி தருகிறது. பூச்சியையும் விலக்குகிறது என்பதனாலன்றோ! முன்னோர் சொன்ன யாவும் சரியென்பது இவ்வுரையின் கருத்தன்று. ஆராய்ந்து கொள்வன கொள்க, தள்ளுவன தள்ளுக. ஆராயாமலே மறப்பதுதான் மடமை.

இம்மறதி ஓலையோடு நிற்பதன்று. அவுரியும் மஞ்சளும் தந்த சாயத்தை மறந்த திருப்பூர் வட்டாரத்தில், நொய்யல் என்னும் பழம்புகழாறு நஞ்சாறாயிற்று. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. உலகுக்கெல்லாம் உடை தரும் அம்மண்ணில், பாட்டன் ஏட்டைப் பொதிய ஒரு முழம் பருத்தித் துணி கிடைக்கவில்லையாம்! என்னே இழிவு!

செய்யத் தக்கவை அரியன அல்ல. காங்கேயத்து ஊர்தோறும் பரணைப் பாருங்கள். ஏடிருப்பின் வெயிலிற் காயவைக்காதீர்; ஈரத்துணியால் துடைக்காதீர்; ஒட்டிக்கிடக்கும் ஏட்டை வலிந்து பிரிக்காதீர்; மண்ணெண்ணெயோ மெருகெண்ணெயோ பூசாதீர். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, சாயமேறாப் பருத்தித் துணியிற் பொதிந்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறைக்கோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ அறிவியுங்கள்.

அதனினும் முன்னதாக, ஏட்டைக் கையாண்ட முதியோர் எவரேனும் ஊரில் உளரேல், அவர் வாய்ச்சொல்லை அவர் சொன்ன சொல்லாலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் மாணவர் ஐவர்க்கேனும் சுவடி படிக்கக் கற்பிப்பாராக. அரசு, ஏட்டை மட்டுமன்றி ஏடு பேணும் தொழிலையும் பாடமாக்கட்டும்.

தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது எளிது. அத்தமிழை எழுதிய ஓலை பரணில் பொடியாகிறது. அதைப் பேணத் தெரிந்த முதியவர் திண்ணையில் இருமுகிறார். இன்று கேட்பார் இலரேல், நாளைச் சொல்வாரும் இலர்.

எழுக தமிழா! ஏணியை எடு, பரணில் ஏறு!