கொல்லைப்புறத்துக்குப் போன கூண்டு

நம்மில் பலருடைய வீட்டுத் திண்ணையில் ஒரு கிளிக்கூண்டு தொங்கியிருக்கிறது. நம் வீட்டில் இல்லையென்றால் அத்தை வீட்டில், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டில். போகும்போதும் வரும்போதும் கம்பியருகே முகத்தை வைத்து, "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறோம். அது சொன்னதும் பூரித்துப்போனோம். அந்தக் கிளி எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தலை போன மொட்டைப் பனையில் பச்சைக்கிளி விரும்பிப் பொந்து பிடிக்கும். இறகு முளைக்கிற பருவத்தில் கிளி பிடிப்பவர்கள் பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை எடுத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டியில் நெருக்கி அடைத்துக் கொண்டுவரும் வழியிலேயே சில செத்துப்போகும். பிழைத்ததன் இறக்கையைக் கத்தரித்து நம்மிடம் நீட்டினார்கள். நாம் பேரம் பேசி வாங்கினோம். வாங்க நாம் இருந்ததால்தான் அவர்கள் மரம் ஏறினார்கள்.

சட்டம் தெரியாது என்று சொல்ல நமக்கு வாயில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்க 1990-களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. 2022-இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் வருகிறது. வீட்டில் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லவ் பேர்ட்ஸ் விற்கிற கடையில் நின்றுகொண்டு, "நாட்டுக்கிளி கிடைக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் நாம். முன்னதற்குத் தடையில்லை, பின்னதற்கு உண்டு என்று தெரிந்ததால்தானே குரல் தாழ்ந்தது?

அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தபோதும் நாம் கிளியை ஒப்படைக்கவில்லை. திண்ணையில் தொங்கிய கூண்டைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினோம். "பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், இதற்கெல்லாம் யார் வரப்போகிறார்கள்?" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பிள்ளை மாதிரியா வளர்த்தோம்? கூட்டமாய்க் கத்திக்கொண்டு பறந்து, சாயங்காலம் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் வந்தடைகிற பறவையைத் தனியாக அடைத்தோம். மிளகாய்ப்பழமும் மீந்த சோறும் போட்டால் போதும் என்று இருந்தோம். ஒருநாள் அது அலகாலேயே தன் நெஞ்சு இறகைப் பிடுங்கிப் பிடுங்கி, தோல் சிவந்து தெரிய உட்கார்ந்திருந்தது. "இறகு உதிர்க்கிறது" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனோம்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிகளை வைத்திருந்த கிளிக்கூண்டு மண்டபத்தில் இன்று பெயர்தான் மிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் ஏந்தியிருக்கும் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். கிளிமேல் நாம் வைத்திருக்கும் பிரியத்துக்குக் கூண்டு தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கும்பிட்டுவிட்டு வந்த நாமோ வீட்டில் கூண்டுக்கதவைச் சரிபார்த்துப் பூட்டினோம். பட்டுப்போன பனைதானே என்று மொட்டைப் பனைகளைச் செங்கல் சூளைக்கு விற்றதும் நாம்தான். கிளிக்கு வெளியிலும் வீடில்லாமல் செய்தோம்.

இன்னும் சரிசெய்ய முடியும். கொல்லையில் கூண்டு இருந்தால், மனம் கேட்காமல் சட்டென்று கதவைத் திறந்துவிட வேண்டாம். இறக்கை வெட்டுப்பட்ட, இரை தேடப் பழகாத கிளியைக் காக்கையும் பூனையும் விட்டுவைக்காது. பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுவோம். தோட்டத்தில் ஒரு மொட்டைப் பனை நின்றால் அதை அப்படியே விடுவோம். பிள்ளைகள் கிளி கேட்டால் சாயங்காலம் கிளி அடையும் மரத்தடிக்கு அழைத்துப் போவோம். எல்லாவற்றுக்கும் முன்னால், இனி ஒரு கிளியைக்கூடக் காசு கொடுத்து வாங்காதிருப்போம்.